துருவக் கடலில் தனி ஆளாகப் பாய்மரப் படகு: நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு வெளியே, தனி ஆளாகப் படகோட்ட விரும்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி ஊர்களிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், விழிஞ்ஞத்திலிருந்தும் வருகிறார்கள். தங்குகடல் தொழிலுக்குப் போய் மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர்கள். அவர்களுக்குக் கடல் பயம் கிடையாது. நார்வேயில் சுற்றுலாப் படகுகளில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனியாகவே வடக்கே போக ஆசைப்படுகிறார்கள்.

நான் 34 அடி இரும்புப் படகில் இரண்டு கோடைகளில் தனியாக வட நார்வேயின் டிரோம்சோவிலிருந்து, வடதுருவக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், புதியவர்கள் தடுமாறிய இடங்களையும் வைத்து இதை எழுதுகிறேன். அவர்கள் தைரியக் குறைவால் தடுமாறவில்லை. செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறியதால் தடுமாறினார்கள். எல்லோரும் பனியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது உறக்கத்தைப் பற்றி. பனி மிதக்கும் நீரில் தனி ஆள் உறங்க முடியாது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

1. எந்தக் கடல், எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு ஸ்வால்பார்டின் மேற்குக் கரைதான் சரி. 78 டிகிரி வடக்கில் இருந்தாலும், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டிப் போகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே பெரும்பாலும் பனியில்லாத பாதை கிடைக்கும். பனியைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு விலகி வர முடிகிற இடம் அது. கனடாவின் வடமேற்குப் பாதையில் அப்படி விலக வழியிருக்காது. முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்க நேரும்.

அண்டார்டிகாவை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தென் அமெரிக்க முனையிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய 500 கடல் மைல் ஆகும். உலகின் கொடிய கடல்களில் ஒன்று அது. அனுமதியும் கட்டாயம். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்டிகா சட்டம் அதைத்தான் சொல்கிறது.

நமக்கு ஒரு நல்ல பொருத்தம் உண்டு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வடதுருவக் கடல் திறக்கும் பருவமும் அதுதான். தொழிலை அதிகம் இழக்காமல் போய்வரலாம் என்பதால்தான் நம் பையன்களுக்கு இது கைகூடுகிறது.

பொதுவான தவறு: ஜூன் தொடக்கத்திலேயே புறப்படுவது. அப்போது கிழக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம், தென்முனையான சோர்காப்பைச் சுற்றிப் பனிக்கட்டிகளை மேற்குக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஜூலை இரண்டாம் வாரம் வரை பொறுங்கள்.

2. காகிதங்களை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

1920ஆம் ஆண்டின் ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. அங்கே தங்க இந்தியருக்கு விசா தேவையில்லை. நம்மவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. அங்கே போக நார்வே வழியாகத்தான் போகிறோம், அதற்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. டிரோம்சோவிலிருந்து புறப்பட்டதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா வைத்திருந்தால் திரும்பி வரும்போது நுழைய முடியாது. பலமுறை நுழையும் விசா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்வால்பார்டு ஆளுநர் அலுவலகம். பயணத் திட்டத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தேடுதல், மீட்புச் செலவுக்கான காப்பீடும் காட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் எங்கே கரையிறங்கலாம் என்பதற்கு 2025 ஜனவரி முதல் கடுமையான வரையறை வந்திருக்கிறது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். குடியிருப்புக்கு வெளியே கரையில் கால் வைப்பவர் கரடியை விரட்டும் கருவி வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி வாடகைக்கு எடுக்கவும் ஆளுநரின் அனுமதி வேண்டும். தனி ஆளுக்கு நான் சொல்வது இது: குடியிருப்பு தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். கரடியைப் பார்க்க ஒரு கண், நங்கூரத்தைப் பார்க்க ஒரு கண் என்று இரண்டு இடத்தில் ஒருவர் இருக்க முடியாது.

சாட்டிலைட் போன் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பையில் அகப்பட்டுக் கைதானவர்கள் உண்டு. நார்வேயிலேயே வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள், படகோடு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

3. ஊரில் முடிக்க வேண்டிய பயிற்சி

குளிரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம் கடலிலேயே பழகிவிடலாம். செலவு குறைவு, தவறினால் நீர் 28 டிகிரி. அங்கே போய்ப் பழகுவது உயிருக்கு விலை பேசுவது.

முதலில் பாய். நம் பையன்கள் பலர் இன்ஜின் பிறந்த பிறகு பிறந்தவர்கள், பாய் கட்டிய மரத்தில் ஏறியதே இல்லை. சென்னையிலோ கொச்சியிலோ பாய்மரப் பயிற்சியை முறையாக முடித்துவிட்டு வாருங்கள். பிறகு என்னிடம் வந்தால் ஒரே ஒரு வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன்: இருட்டில், ஆடும் படகில், தனியாகப் பாயைக் குறைப்பது. முதல் வாரத்தில் இருபது நிமிடம் எடுக்கும். அது ஐந்து நிமிடத்துக்குள் வந்தால்தான் அடுத்த பாடம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. சுழிய டிகிரியில் அடிக்கும் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று, நம் ஊரின் 30 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாயைத் தள்ளும். இங்கே ‘இன்னும் கொஞ்சம் தாங்கும்’ என்று நினைக்கிற இடத்தில் அங்கே தாங்காது.

இரண்டாவது, கட்டுக்கயிறு. மார்பில் கட்டிய வாரிலிருந்து படகின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் கயிற்றில் எப்போதும் கொளுவியிருக்க வேண்டும். கயிற்றின் நீளம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. ஆகவே விழுந்த பிறகு இழுத்துப் பிடிக்கும் கயிறு நமக்குப் பயன்படாது, விளிம்பைத் தாண்டவே விடாத கயிறுதான் வேண்டும். நம் கடலில் ஒருமுறை, கரையோரத்தில், வேறொரு படகு பக்கத்தில் நிற்க, நீளக் கயிற்றோடு வேண்டுமென்றே குதித்துப் பாருங்கள். மூன்று நாட் வேகத்தில் இழுபடும்போது திரும்ப ஏற முடிகிறதா என்று உங்கள் கையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு கொளுவ மறக்கமாட்டீர்கள்.

மூன்றாவது உறக்கம். அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

4. உறக்கக் கணக்கு

நீங்கள் 5 நாட் வேகத்தில் போகிறீர்கள், எதிரே ஒரு கப்பல் 15 நாட்டில் வருகிறது. இருவருக்கும் இடையே உள்ள தூரம் மணிக்கு 20 கடல் மைல் குறைகிறது. உங்கள் கண்ணுக்கோ கருவிக்கோ அது 6 மைலில் தெரிந்தால் 18 நிமிடம் இருக்கிறது. ஆகவே ஒரு தூக்கம் 15 நிமிடம். அதற்கு மேல் போனால் அது சூதாட்டம். எப்போதும் கண்காணிப்பு வேண்டும் என்பதே கடல் விதி என்பதையும் மனத்தில் வையுங்கள். தனி ஆள் தூங்குகிற ஒவ்வொரு நிமிடமும் அந்த விதியிலிருந்து கடன் வாங்கிய நிமிடம்.

பயிற்சி எளிது. தேங்காப்பட்டணத்திலிருந்து 20 மைல் வெளியே போய் மூன்று நாள் தங்குங்கள். சமையலறை மணி ஒன்றை 15 நிமிடத்துக்கு வைத்துவிட்டுப் படுங்கள். எழுந்து சுற்றிலும் பார்த்து, திரையைப் பார்த்து, பாயைப் பார்த்து, மீண்டும் படுங்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே கப்பல்கள் ஓயாமல் போகின்றன, இப்போது விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் பெரிய கப்பல்கள் வருகின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டாம் இரவில் மணி அடித்தும் எழாதவர் உண்டு. அப்படியானால் ஒன்றுக்கு இரண்டு மணி வையுங்கள், ஒன்று கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

வடக்கே புதிதாக ஒரு சிக்கல் சேரும். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியெனில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறையவே மறையாது. உடம்புக்கு இரவு வந்தது தெரியாது, களைப்பும் தெரியாது. வள்ளவிளைத் தம்பி ஒருவர் ‘தூக்கமே வரவில்லை அண்ணா, நன்றாக இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பினார். அடுத்த நாள் அவர் ஒரே கயிற்றை மூன்று முறை தவறாகக் கட்டியிருக்கிறார். அவர் நன்றாக இல்லை. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கடிகாரப்படி படுங்கள். தூக்கம் வரவில்லை என்றாலும் படுத்திருங்கள்.

நான் வைத்திருக்கும் விதி: கடந்த 24 மணி நேரத்தில் மொத்தம் ஆறு மணி நேர உறக்கம் இல்லையென்றால் பனிப் பகுதிக்குள் நுழையமாட்டேன். வெளியே, பனியில்லாத நீரில், பாயைக் குறைத்துப் படகை நிறுத்திப் போட்டுவிட்டு உறங்குவேன். ஒரு நாள் வீணானாலும் சரி. தானியங்கி அடையாளக் கருவி கப்பலைக் காட்டும், பனிக்கட்டியைக் காட்டாது. பனிக்கட்டி தன்னைப் பற்றி யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை.

5. படகில் பார்க்க வேண்டியவை

இரும்பு அல்லது அலுமினிய உடல் நல்லது. அடிபட்டால் உள்ளே அமுங்கும், உடையாது. பைபர் படகிலும் மேற்குக் கரைக்குப் போகிறார்கள், ஆனால் பனி தெரிந்ததும் திரும்பிவிட வேண்டும்.

அடுப்பு: டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும் கணப்பு வையுங்கள். மின்சாரம் வேண்டாம், பழுதாவது அரிது. ஆனால் மூடிய அறையில் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை. தலைவலி என்று நினைத்துப் படுத்தவர் எழுவதில்லை. எச்சரிக்கை மணி ஒன்று, எந்நேரமும் திறந்த காற்றுத் துளை இரண்டு. குளிருகிறது என்று துணி வைத்து அந்தத் துளையை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் நான் யாரையும் மன்னிப்பதில்லை.

டீசலை நார்வேயிலேயே நிரப்புங்கள். டீசலில் மெழுகு உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்நாட்டு டீசல் அதற்கென்றே தயாராகிறது. அதோடு, உதிரி வடிகட்டி குறைந்தது ஆறு வேண்டும்.

மின்கலம்: லித்தியம் மின்கலத்தைச் சுழிய டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். நீர் மட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் வைக்காமல், கணப்பு எட்டுகிற அறையில் வையுங்கள்.

திசைகாட்டி: கொச்சியில் வாங்கியதை எடுத்துப் போகாதீர்கள். காந்தப் புலம் துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகக் கீழ் நோக்கும். நம் பகுதிக்கென்று சமன் செய்த தட்டு அங்கே ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை நம்பி ஓடும் தானியங்கிச் சுக்கானும் தடுமாறும். காற்றின் திசையைப் பிடித்துச் சுக்கானைத் திருப்பும் இயந்திரச் சாதனம் ஒன்று பொருத்துங்கள். அதற்குக் காந்தமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இன்ஜினில் ஓடும்போது மட்டும், சாட்டிலைட்டிலிருந்து திசை எடுக்கும் தானியங்கி போதும்.

மேலே நின்று வேலை செய்யும் இடத்துக்குக் கூரையும் கண்ணாடியும் இருக்கட்டும். மழையில் நனையாமலிருக்க அல்ல. கண்காணிக்க வெளியே வரவே மனமில்லாமல் போவதைத் தடுக்க.

6. உடை, கை, உணவு

நம்மவர்கள் செய்யும் முதல் தவறு பருத்தி. பனியன், லுங்கி, காட்டன் சட்டை என்று பெட்டி நிறையக் கொண்டுவருகிறார்கள். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத உடை. வியர்த்தால் உடனே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். வியர்வையும் நீர்தான்.

கையுறை ஆறு ஜோடி. உள்ளே கம்பளி, மேலே நார்வே மீனவர்கள் போடும் ரப்பர் உறை. இரண்டு ஜோடி எப்போதும் கணப்பின் மேல் காய வேண்டும். முதல் பயணத்தில் நான் மூன்று ஜோடிதான் வைத்திருந்தேன். மூன்றும் நனைந்தன. சோர்காப்புக்கு அருகே, விரல் மரத்துப்போய், ஒரு திருகைத் திறக்க முடியாமல் நாற்பது நிமிடம் போராடினேன். நல்ல நாளில் அரை நிமிட வேலை. தனி ஆளுக்கு விரல்கள் போனால் படகில் யாருமே இல்லை என்று பொருள்.

நீருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி என்று நினைவில் வைக்கச் சொல்வார்கள். மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி. ஆகவே தனி ஆளுக்கு இருப்பது நடுவிலுள்ள பத்து நிமிடம் மட்டுமே. நீரில் மிதக்கவைக்கும் முழுவுடல் உடையை எட்டும் தூரத்தில் தொங்கவிடுங்கள். கையுறையோடு அதைப் போட்டுப் பழகுங்கள்.

உணவில் நம் ஊர்ச் சரக்கு நன்றாகவே உதவும். அவல், சத்துமாவு, வறுத்த மரச்சீனி வற்றல், சுக்குக் காப்பிப் பொடி. எடை குறைவு, அடுப்பு அணைந்தாலும் சாப்பிடலாம். கருவாடு தேடி அலைய வேண்டாம். வட நார்வேயில் காட் மீனை மரச்சட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்தி விற்கிறார்கள். காற்று எழும்பும் முன் இரண்டு பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிவிடுங்கள். எழும்பிய பிறகு அடுப்புக்கு அருகே போவது ஆபத்து.

7. செய்தித் தொடர்பும் பனி வரைபடமும்

ஓகிப் புயலின்போது, 2017 நவம்பர் முடிவில், நம் ஊர்ப் படகுகள் எவ்வளவோ தூரத்தில் இருந்தன. வயர்லெஸ் அந்தத் தூரம் எட்டவில்லை. வி.எச்.எப். கருவி இருபது, முப்பது மைலுக்கு மேல் போகாது என்பதை நாம் இழவு வீடுகளில் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தைத் துருவத்துக்கும் கொண்டுபோங்கள்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும் சாட்டிலைட்டுகள் 76 டிகிரி வாக்கில் தொடுவானத்தோடு ஒட்டிவிடும், மலை மறைக்கும் பியோர்டு என்னும் நீண்ட கடல் இடுக்குக்குள் கிடைக்கவே கிடைக்காது. துருவத்தின் மேலே சுற்றிவரும் 66 சாட்டிலைட்டுகள் கொண்ட இரிடியம் எங்கும் கிடைக்கும். அதோடு 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி ஒன்றைப் படகிலும், சிறியதொன்றை உடம்பிலும் வையுங்கள். படகின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில் அதைப் பதிவு செய்யுங்கள். நம் மீன்பிடிப் படகுகளுக்குக் கொடுக்கும் அபாயக் கருவி இந்தியக் கடலுக்கானது, அங்கே பயன்படாது. வட நார்வேயின் மீட்பு மையம் பூடோவில் இருக்கிறது. அதன் எண்ணைச் சுக்கான் அருகே எழுதி ஒட்டுங்கள்.

ஸ்வால்பார்டின் ஆய்வு ஊரான நி-ஆலசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் வைஃபையும் புளூடூத்தும் அணைத்திருக்க வேண்டும். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக் கருவிகள் மெல்லிய வானொலி அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நம் கைப்பேசி அவற்றுக்குக் கூச்சல்.

பனி வரைபடத்தை நார்வே வானிலை நிறுவனம் வார நாள்களில் வெளியிடுகிறது. சனி, ஞாயிறில் புதியது வராது. திங்கள் பிற்பகல் வரை உங்களிடம் இருப்பது வெள்ளிக்கிழமைப் பனிதான், அதற்குள் அது நாற்பது, ஐம்பது மைல் நகர்ந்திருக்கலாம். கடல் பரப்பைப் பத்துப் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு பனி என்று நிறத்தால் காட்டுவார்கள். ஒன்று முதல் மூன்று பங்கு பச்சை. சாதாரணப் படகுக்கு அதுவே கடைசி எல்லை. தனி ஆளுக்கு நான் ஒரு பங்கு என்றே சொல்வேன். நான்கு பங்கு வந்தால் மஞ்சள், அங்கே நமக்கு வேலையில்லை.

8. பயணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

டிரோம்சோவிலிருந்து லாங்இயர்பியென் ஏறக்குறைய 560 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் ஐந்து நாள் ஆகும். ஒரே மூச்சில் போகாதீர்கள்.

முதல் பகுதி, கரடித் தீவு என்று பொருள்படும் பியோர்னோயா வரை, சுமார் 300 மைல். மூன்று நாளுக்கு நல்ல வானிலை தெரியும்வரை டிரோம்சோவில் காத்திருங்கள். அந்தத் தீவைச் சுற்றிலும் மீன்பிடிக் கப்பல்கள் உண்டு. வலை இழுக்கும் கப்பல் சட்டென்று திரும்பும் என்பது நமக்குத் தெரியாததா? கடைசி 40 மைல் விழித்தே வாருங்கள்.

பியோர்னோயாவில் துறைமுகம் இல்லை. வடக்குக் காற்றென்றால் தெற்கே உள்ள சோர்ஹாம்னாவில், தெற்குக் காற்றென்றால் வடகரையில் நங்கூரமிட வேண்டும். காற்று திரும்பினால் இடம் மாற்றியே ஆக வேண்டும். இங்கே குறைந்தது எட்டு மணி நேரம் உறங்குங்கள். இதற்காகவே இந்த நிறுத்தம். இறங்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

இரண்டாம் பகுதி, சோர்காப்பைச் சுற்றுவது. அங்கிருந்து 125 மைல். முனையைச் சுற்றி நெடுந்தூரம் ஆழம் குறைவு, பனியும் முதலில் வந்து சேர்வது அங்கேதான், மூடுபனியும் அடிக்கடி இறங்கும். குறைந்தது 10 மைல் விலகிச் சுற்றுங்கள். சுற்றுவழி என்று தோன்றும். பனி கண்ட பிறகு விலகுவதைவிட அதுதான் குறுக்குவழி.

மூன்றாம் பகுதி, இஸ்ஃபியோர்டு வழியாக ஊருக்குள். கவலையில்லாத பகுதி. ஆனால் களைப்பில் தரை தட்டுவது இங்கேதான் நடக்கும்.

9. பனியின் அருகே

நமக்குத் தெரிந்த ஐஸ், ஐஸ் பிளாண்டிலிருந்து வந்து, உடைத்து மீன் அறையில் கொட்டும் கட்டி. அதை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பனியாறு உடைந்து விழும் கட்டி நெடுங்காலம் அழுந்தி இறுகியது. ஓர் ஆட்டோ ரிக்‌ஷா அளவுள்ள கட்டி ஐந்து டன் எடை வரும். அதில் ஒரு சிறு முதுகுதான் வெளியே தெரியும், அதுவும் கண்ணாடிபோல், கடலின் நிறத்திலேயே. ரேடாரில் அலைகளோடு கலந்து காணாமல் போகும். பெரிய பனிமலை ஆபத்தில்லை, தூரத்திலேயே தெரிந்துவிடும். அது போட்ட குட்டிகள்தான் ஆபத்து.

முதலில் அறிகுறிகளைப் பார்க்கப் பழகுங்கள். மேகத்தின் அடியில் வெண்மையாக ஓர் ஒளி தெரிந்தால் அதன் கீழே பனிப்பரப்பு உண்டு. அந்த வெண்மைக்கு நடுவே கருமையாகத் தெரிந்தால் அங்கே திறந்த நீர் உண்டு. காற்று குறையாமலே அலை திடீரென்று அடங்கினால், காற்று வரும் பக்கம் பனி இருக்கிறது. நீரின் வெப்பத்தைக் காட்டும் கருவி வேகமாகக் கீழிறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கடல்நீர் உறைவது சுழிய டிகிரியில் அல்ல, ஏறக்குறைய கழித்தல் 1.8 டிகிரியில்.

பனிமலையைக் கடக்கும்போது காற்று வரும் பக்கமாகக் கடந்து போங்கள். மலையை நீரோட்டம் மெல்லத் தள்ளுகிறது. அதிலிருந்து உடைந்த சில்லுகளைக் காற்று அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. ஆகவே சில்லுகள் எல்லாம் காற்று போகும் பக்கம் நீளமாகச் சிதறிக் கிடக்கும். புதியவர்கள் காற்றுக்கு மறைவாக இருக்கிறதென்று அந்தப் பக்கமே போகிறார்கள். மலையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அல்லது 200 மீட்டர், இரண்டில் எது கூடுதலோ அத்தனை தூரம் விலகுங்கள். மலை சொல்லாமல் புரளும்.

வேகம் இரண்டு நாட், அதிகம் போனால் மூன்று. ஆறு நாட்டில் மோதும் மோதல் மூன்று நாட்டில் மோதுவதைப்போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பாயை இறக்கி இன்ஜினில் போங்கள். பாய் கண்ணை மறைக்கும், சட்டென்று நிறுத்தவும் விடாது. தப்பமுடியாமல் மோதத்தான் வேண்டுமென்றால் அணியம், அதாவது படகின் முன்முனை, நேராக மோதட்டும். பக்கவாட்டில் திருப்பினால் கட்டி அடியில் உருண்டு சுக்கானையும் இன்ஜின் சுழற்றும் காற்றாடியையும் உடைக்கும். பின்னோக்கிப் போகும்போது சுக்கானை நடுவில் வையுங்கள்.

நுழையும்போதே வெளியேறும் வழியைக் குறித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பனிக்குள் இருக்காதீர்கள் என்பது நான் என் மாணவர்களுக்கு வைத்த எல்லை. தனியாக உற்றுப் பார்க்கும் கண் அதற்கு மேல் நம்பத்தக்கதல்ல.

10. நங்கூரம்

பனிக்கட்டிகளின் அடிப்பகுதி ஆழமானது. ஆகவே உங்கள் படகுக்குப் போதுமான, ஆனால் கட்டிகள் முன்பே தரை தட்டிவிடுகிற ஆழமற்ற குடாவைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தை முழுதாக நம்பாதீர்கள். பனியாறுகள் பின்வாங்கிய இடத்தில் யாரும் ஆழம் பார்க்காத நீர் இருக்கிறது. முதலில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு ஆழம் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

எடை கூடிய நங்கூரம், முழுதும் சங்கிலி. பனியாற்றிலிருந்து திடீரென்று இறங்கும் காற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. நங்கூரம் நகர்ந்தால் அடிக்கும் மணியை வைத்துக்கொண்டு உறங்கலாம், ஆனால் கட்டி வந்து சங்கிலியில் தொங்கினால் அது அடிக்காது. ஆகவே அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கம் வேண்டாம். மூன்று மீட்டருக்குக் குறையாத மரக்கம்பு ஒன்று மேலே கிடக்கட்டும். கட்டி நெருங்கும்போதே, மெதுவாக, நீண்ட நேரம் அழுத்தித் தள்ளுங்கள். இடித்தால் கம்புதான் உடையும். பெரிய கட்டியென்றால் கம்பை எடுக்காதீர்கள், நங்கூரத்தை எடுங்கள்.

11. மோதி நீர் புகுந்தால்

வரிசை இது: இன்ஜினை நிறுத்துங்கள், எங்கே நீர் வருகிறது என்று பாருங்கள், எது கிடைக்கிறதோ அதை, தலையணையானாலும், வைத்து அழுத்துங்கள், பிறகு பம்ப், பிறகு செய்தி. பம்ப்பில் தொடங்குபவர்கள் ஓட்டையைத் தேடும் முன் களைத்துவிடுகிறார்கள். மரமுளைகளும் நீருக்கடியில் இறுகும் பசையும் ஒரே பெட்டியில், கண் மூடித் தடவினாலும் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஊரில் அந்தப் பெட்டியைக் கண்ணைக் கட்டி எடுக்கச் சொல்கிறேன்.

செய்தியைத் தாமதிக்காதீர்கள். ‘சமாளித்துவிடுவேன்’ என்று இரண்டு மணி நேரம் காத்திருப்பது நம் குணம். மீட்க வருபவருக்கும் தூரம் உண்டு. உதவி வேண்டுமோ என்ற எண்ணம் வந்த நேரமே பூடோவைக் கூப்பிடுங்கள். தேவையில்லையென்றால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

12. திரும்பும் நாள்

திரும்பும் தேதியைப் புறப்படும் முன்பே எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். நான் எழுதுவது ஆகஸ்ட் 10. அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் சூரியன் மறையத் தொடங்கும், இருள் நாளுக்கு நாள் வேகமாக வளரும். இருளில் கண்ணாடிக் கட்டியைப் பார்க்க வழியே இல்லை. செப்டம்பரில் இன்னொன்றும் சேரும். காற்றின் வெப்பம் கழித்தல் இரண்டுக்குக் கீழே போய், காற்றும் பலத்தால், மேலே தெறிக்கும் நீர் பாய்மரத்திலும் கயிறுகளிலும் உறையும். மேல் எடை கூடினால் படகு கவிழும். மரச்சுத்தியலால் தட்டி உதிர்ப்பதும், காற்று போகும் திசையில் திருப்பித் தெறிப்பைக் குறைப்பதும் மட்டுமே வழி. தனி ஆளால் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் அதைச் செய்ய முடியாது.

திரும்பும்போதும் பியோர்னோயாவில் எட்டு மணி நேரம் உறங்குங்கள். காற்று சாதகமாக இருக்கிறது, வீடு நெருங்குகிறது என்று நிற்காமல் வந்த இருவரில் ஒருவர் நார்வே கரையோரப் பாறையில் தட்டினார். அவர் உயிரோடு வந்தார், சுக்கான் போயிற்று. பியோர்னோயாவைத் தாண்டும்போது அவர் முப்பது மணி நேரம் உறங்காமல் இருந்தார்.